அந்த 21 எம்எம் லென்ஸுக்கு மாத வாடகை எவ்வளவு?

"சார், எஃப்டில 4 லட்சம் இருக்கு. வட்டி ஒண்ணும் பெருசா வரல. அதை உடைச்சு ரெண்டு பழைய லைக்கா வைட் லென்ஸ் வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

தங்கம், பிளாட், கிரிப்டோ என்றே கேள்விகள் வரும் இடத்தில் இப்படி ஒன்று வந்தால் எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. கேட்டவருக்கு 27 வயசு, ஐடி வேலை, மாதச் செலவு 55,000. அந்த 4 லட்சம்தான் அவருடைய மொத்த எமர்ஜென்சி ஃபண்டும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். லென்ஸ் வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா அந்த 4 லட்சத்தைத் தொடாதீங்க. 'முதலீடு'ன்னு பேர் வெச்சும் வாங்காதீங்க. இப்படிச் சொன்னா "ஆடிட்டர் வேற என்ன சொல்வாரு"ன்னு தோணும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். ஏன்னா பழைய லென்ஸ் ஒன்றின் விலைக்குள் இரண்டு வேறு விலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிற நிறைய பேர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதல்ல, இந்த லென்ஸ்கள் ஏன் தனி ரகம்னு தெரியாதவங்களுக்கு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அது ஆடுவதற்கு இடம் விட வேண்டும். அதனால் அகலக் கோண லென்ஸை ஃபிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது, சுற்றி வளைத்துத்தான் டிசைன் பண்ணணும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமை முட்டுகிற அளவுக்கு உள்ளே போகலாம். இந்த வசதியை வைத்துத்தான் லுட்விக் பெர்டலே 1950களில் கான்டாக்ஸ் கேமராவுக்கு 21 எம்எம் பியோகானை வடிவமைத்தார். கட்டடத்தின் விளிம்பு படத்தின் ஓரத்திலும் நேர்கோடாகவே விழும். லைக்காவுக்காக ஷ்னைடர் கம்பெனி செய்த 21 எம்எம் சூப்பர் ஆங்குலானும் இந்தப் பரம்பரைதான். 1958-ல் எஃப்/4, 1963-ல் எஃப்/3.4 வந்தது.

இந்தக் கூட்டத்தில் ராஜா என்றால் ஸைஸின் ஹோலோகன். 1969-ல் தனிக் கேமராவாகவே வந்தது. 15 எம்எம், உள்ளே மூன்றே கண்ணாடி, அபெர்ச்சர் எஃப்/8 மட்டும்தான், திருகவே முடியாது. ஓரங்கள் இருட்டாக விழும் என்பதால் நடுவில் மட்டும் கருமை ஏற்றிய ஒரு ஃபில்டர் கூடவே வரும். பிறகு 1970களில் லைக்கா எம் மவுண்ட்டில் சில நூறு பிரதிகள் செய்தார்கள். அவ்வளவுதான். இன்றைக்கு அதன் விலையில் ஒரு நல்ல கார் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிற நிலைமை.

இப்போ 1999-க்கு வாங்க. ஜப்பானில் கொசினா என்ற கம்பெனி, ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரை உரிமம் பெற்றுப் போட்டு, 15 எம்எம் எஃப்/4.5 ஹெலியார் என்று ஒரு லென்ஸைக் கொண்டுவந்தது. சம்பளக்காரர் வாங்குகிற விலை. ஹோலோகனில் இல்லாத அபெர்ச்சர் வளையமும் உண்டு. அதுவரைக்கும் "ரேஞ்ச்ஃபைண்டரில் 15 எம்எம் படம் எடுக்கணும்" என்றால் வழி ரொம்பக் குறைவு. அன்றிலிருந்து யாருக்கும் அந்த வேலைக்கு ஹோலோகன் தேவைப்படவில்லை.

அப்போ ஹோலோகன் விலை சரிந்ததா? இல்லை. அதுதான் இங்க கவனிக்க வேண்டிய விஷயம். லென்ஸின் வேலைக்கான விலை என்று ஒன்று இருக்கிறது: இந்தக் கோணத்தில், இந்தத் தரத்தில் படம் எடுக்க ஒருத்தர் எவ்வளவு கொடுப்பார் என்பது. அதை கொசினா ஒரே வருஷத்தில் தரைக்குக் கொண்டுவந்துவிட்டது. மிச்சம் இருக்கிற மலையளவு விலை முழுக்க ஆசை விலை. இன்னொரு சேகரிப்பாளர் இதைவிட அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கை மட்டுமே அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு டிவிடெண்ட் கிடையாது, வட்டி கிடையாது, வாடகை வராது. உலகம் முழுக்க சில ஆயிரம் பேரின் மனநிலைதான் அதன் பேலன்ஸ் ஷீட்.

இது ஹோலோகனோடு நிற்கிற கதை இல்லை. நிக்கான் 1956-ல் செய்த 3.5 செ.மீ எஃப்/1.8 ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை, 2005-ல் எஸ்பி கேமராவின் மறுபதிப்போடு சேர்த்து 2,500 செட் புதிதாகவே போட்டது. சோவியத் விஞ்ஞானி மிகையில் ருசினோவின் 20 எம்எம் ருசார் லென்ஸை 2014-ல் லோமோகிராஃபி திரும்பக் கொண்டுவந்தது. லைக்காவே 1955-ல் வந்த 28 எம்எம் எஃப்/5.6 சும்மரானை 2016-லும், 1961-ன் 35 எம்எம் எஃப்/1.4 சும்மிலக்ஸை 2022-லும் மறுபடி வெளியிட்டது. 1958-ல் வந்த எட்டுக் கண்ணாடி 35 எம்எம் சும்மிக்ரானைச் சேகரிப்பாளர்கள் குலதெய்வம் மாதிரி கும்பிடுவார்கள். லைட் லென்ஸ் லேப் என்ற சீன நிறுவனம் அதையும் நகலெடுத்து விற்கிறது. நகலில் எடுத்த படங்களைப் பார்த்தால் எது எதுவென்று சொல்ல உண்மையிலேயே கஷ்டம்.

மறுபதிப்பு வந்ததால் அசலுக்கு இன்னும் பேர் கூடுது, விலையும் ஏறுதுன்னு ஒரு வாதம் உண்டு. சில லென்ஸ்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனா ஒரு விஷயம் யோசிங்க. நீங்க வாங்கின பங்கில் கம்பெனி புதுசா பங்கு வெளியிடணும்னா போர்டு கூடணும், பங்குச்சந்தைக்கு அறிவிக்கணும், உங்களுக்கு ஓட்டுரிமைகூட இருக்கும். நீங்க சேர்த்து வெச்ச லென்ஸை மறுபடி தயாரிக்க ஜெர்மனியில் எவரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் அறிவிப்பு வந்திருக்கும்.

விலை ஏறின காரணத்தையும் பார்க்கணும். ஒரு காலத்தில் இந்த லென்ஸ்கள் ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருந்த சின்னக் கூட்டத்துக்கு மட்டுமே உரியவை. 2013-ல் சோனி ஏ7 மாதிரி ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் வந்தபிறகு, ஒரு அடாப்டர் போட்டால் எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம் என்று ஆனது. வாங்குகிற கூட்டம் திடீரென்று பெருகியது. ஆனால் வாங்கிய பல பேர் அப்புறம்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சூப்பர் ஆங்குலான், பியோகான் மாதிரி ஃபிலிமை ஒட்டி உட்காரும் லென்ஸ்களில் ஒளி ஓரங்களுக்கு ரொம்பச் சாய்வாக வருகிறது. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சென்ஸாரில் பல மாடல்களில் ஓரம் ஊதா அடிக்கும், கூர்மையும் கலைந்துபோகும். அதாவது நீங்க லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கற வைட் லென்ஸ், உங்க கையில இருக்கற கேமராவில் ஒழுங்கா வேலை செய்யாமலே போகலாம். இதை விற்பனை விளம்பரத்தில் யாரும் முதல் வரியில் எழுத மாட்டாங்க.

சரி, கணக்குப் போடுவோம். நம்ம வேலையே அதுதானே.

ஜப்பானில் இருந்து ஒரு பழைய 21 எம்எம் லென்ஸ். இன்சூர்டு ஷிப்பிங் சேர்த்து 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் மார்க்அப் என்றால் 7,000. அந்த மார்க்அப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,260. சுங்க வரி, ஐஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். இது கணக்குக்காக நான் வைத்த எண், விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், வாங்குகிற அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கோங்க. அது 60,000. கூரியர்காரர் கிளியரன்ஸ் கட்டணம் 2,000. வந்ததும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து, சுத்தம் பண்ணி, கிரீஸ் மாற்ற 10,000. மொத்தம் 2,80,260.

இப்போ நல்லதே நடக்கட்டும். உலகச் சந்தையில் இந்த லென்ஸ் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். அஞ்சு வருஷத்தில் 2,00,000 என்பது 2,93,866 ஆகியிருக்கும். யூடியூபில் ஒருத்தர் "47 சதவீதம் லாபம்" என்று தம்ப்நெயில் போடுவார். நீங்க விற்கப் போறீங்க. விற்பனைத் தளத்தின் கமிஷன், பேக்கிங், அனுப்புகிற செலவு, பேரம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் போனால் கைக்கு வருவது சுமார் 2,50,000. போட்டது 2,80,260. லென்ஸ் 47 சதவீதம் ஏறியும் உங்களுக்கு 30,000 ரூபாய் நஷ்டம்.

போட்ட காசு அப்படியே திரும்பி வரணும்னாலே அந்த லென்ஸ் வருஷம் 10.5 சதவீதம் ஏறணும். அதுவும் அஞ்சு வருஷம் தொடர்ந்து, கீறல் விழாமல், ஃபங்கஸ் வராமல்.

இந்தியாவுக்குள்ளேயே விற்றால் அடுத்தவருக்கு இறக்குமதி வரி மிச்சம், அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தருவார். உண்மைதான். ஆனா அந்த ஆள் கிடைக்கணும். இங்கே இந்த லென்ஸை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் உங்களை மாதிரியே சம்பளம் வாங்குகிறவர், உங்க துறையிலேயே இருக்கிறவர். லேஆஃப் சீசன் வந்தால் நீங்க விற்க நினைக்கிற அதே மாசம் அவரும் தன்னுடையதை விற்கப் போட்டிருப்பார். எமர்ஜென்சி ஃபண்டை லென்ஸில் போடாதீங்கன்னு நான் பிடிவாதமா நிற்பதற்கு இதுதான் காரணம். எஃப்டியை ராத்திரி பதினோரு மணிக்கு ஆப்பில் உடைக்கலாம். லென்ஸ் விற்க ஒரு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். அவசரத்தில் இருப்பவரின் குரல் போனிலேயே தெரிந்துவிடும், அதற்கேற்ற விலைதான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். ரூபாயில் பார்க்கும்போது "பத்து வருஷமா ஏறிட்டே இருக்கு"ன்னு தோணுறதுல ஒரு பகுதி லென்ஸோட பெருமையே இல்ல. 2014 கடைசியில் டாலர் சுமார் 63 ரூபாய். 2024 கடைசியில் சுமார் 85. வருஷத்துக்கு 3 சதவீதம் அதிலேயே வந்துவிட்டது. அந்த லாபம் வேணும்னா டாலரில் இருக்கும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டே போதும், அதற்கு ஃபங்கஸ் பிடிக்காது.

இப்ப தலைப்புக்கு வரேன். அதே 2,80,260-ஐ 6.5 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால், வரிக்கு முன், அஞ்சு வருஷத்தில் ஏறக்குறைய 3,84,000. லென்ஸ் விற்றால் 2,50,000. வித்தியாசம் 1,34,000. அறுபது மாசத்துக்கு வகுத்தால் மாதம் 2,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதுதான் அந்த லென்ஸின் வாடகை. விலை ஏறாமல் அப்படியே நின்றால் வாடகை 3,500-ஐத் தாண்டும்.

இந்த வாடகைக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா இதில் லென்ஸ் வாங்காதேன்னு எங்கேயும் சொல்லல. மாசம் 2,200 ரூபாய்க்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேமராவை எடுத்துக்கிட்டு மயிலாப்பூரோ மதுரையோ சுத்துறீங்க, அதனால உங்க வாரம் நல்லா இருக்குன்னா அது மலிவு. வீக்கெண்ட் மால் பில்லைவிடக் குறைவு. தாராளமா கொடுங்க. அதே லென்ஸ் டிரை கேபினட்டில், பெட்டியோடு, சீரியல் நம்பர் அட்டையோடு, யாரும் தொடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு அலமாரிக்கு மாசம் 2,200 வாடகை கட்டிக்கிட்டிருக்கீங்க. கூடவே, தொட்டால் விலை குறையும் என்பதால் படமும் எடுக்க முடியாது. 'மின்ட்' நிலையில் உள்ள லென்ஸை ஒரு இளம் சம்பளக்காரர் வாங்குவது எனக்குப் புரியவே மாட்டேங்குது. முதலீட்டுக்கான வருமானமும் இல்லை, பொழுதுபோக்குக்கான சந்தோஷமும் இல்லை. ரெண்டிலும் மோசமான பாதியை மட்டும் காசு கொடுத்து வாங்குகிற வேலை அது.

வரி பற்றியும் கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள், நகை, ஓவியம், கலைப்பொருள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மூலதனச் சொத்தாகக் கருதப்படாது. அதாவது நீங்க படம் எடுத்துப் பயன்படுத்தின லென்ஸை லாபத்தில் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டமானால் அதை வேறு லாபத்தோடு கழிக்கவும் முடியாது. ஆனா "இது என் இன்வெஸ்ட்மென்ட், பிரிக்கவே இல்லை"ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டு, விற்கும்போது மட்டும் சொந்த உபயோகப் பொருள்னு சொன்னா அந்த வாதம் நிற்காது. முதலீடு என்றால் மூலதன ஆதாயம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால், 2024 ஜூலை 23-லிருந்து, இண்டெக்சேஷன் இல்லாமல் 12.5 சதவீதம். வருஷத்துக்கு பத்து லென்ஸ் வாங்கி விற்கிறீங்கன்னா அது வியாபார வருமானம், அது வேற கணக்கு, அதற்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துடுங்க.

சரி, கேட்ட தம்பிக்கு நேரடியா. உங்க ஆறு மாசச் செலவு 3,30,000. அது எஃப்டியிலேயே இருக்கட்டும். மிச்சம் 70,000. பெற்றோருக்குத் தனி ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலைன்னா முதல்ல அதுக்குப் போகட்டும், கம்பெனி பாலிசி வேலையோடு போயிடும். அதுக்கப்புறம் மாசம் 3,000 ரூபாய் 'லென்ஸ் ஃபண்ட்'ன்னு ஒரு ஆர்டி போடுங்க. கார்டில் வாங்கி ஈஎம்ஐயா மாத்தறது, பர்சனல் லோன், ரெண்டும் வேண்டாம். மேலே போட்ட வாடகைக்கு மேல வட்டியும் சேரும்.

காத்திருக்கிற நேரத்தில் ஆசை விலை இல்லாத லென்ஸ்களைப் பாருங்க. என்கிட்ட இருக்கிறது சோவியத் ஜுபிடர்-12. 35 எம்எம், எஃப்/2.8, பெர்டலேவின் போருக்கு முந்தைய பியோகானைப் பார்த்துச் செய்தது. பல வருஷம் ஏராளமாகத் தயாரித்ததால் இன்றைக்கும் லைக்கா விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். பார்க்க அலுமினியக் குவளை மாதிரி இருக்கும், அபெர்ச்சரை மாற்ற விரலை லென்ஸுக்குள்ளேயே விடணும், ஆனா படம் அழகு. பின்கண்ணாடி ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எல்லா கேமராவிலும் உட்காராது, கேட்டுட்டு வாங்குங்க. அதற்கு மேலே போகணும்னா பழைய ஃபோக்ட்லாண்டர்களில் 21 எம்எம் எஃப்/4, 15 எம்எம் ஹெலியார் ரெண்டும் நல்ல தேர்வு. லைக்காதான் வேணும்னா பெயின்ட் உரிஞ்ச, பெட்டி இல்லாத, 'யூசர்'னு விற்கிறதை வாங்குங்க. வேலைக்கான விலை மட்டும் கொடுப்பீங்க, இறங்கவும் பெருசா இடம் இருக்காது.

வாங்கும்போது மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், பனிமூட்டம் மாதிரி தெரிந்தால் ஹேஸ், ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் ஒட்டின கண்ணாடிகள் விட ஆரம்பிச்சிருக்கு. கடைசியில் சொன்னதைச் சரிசெய்யப் பல நேரம் லென்ஸ் விலையே ஆகும். 'நியர் மின்ட்'னு தலைப்பில் போட்டுட்டு உள்ளே நாலாவது வரியில் "சிறிதளவு ஃபங்கஸ், படத்தைப் பாதிக்காது"ன்னு எழுதியிருப்பாங்க, அந்த நாலாவது வரியைப் படிங்க. 21 எம்எம் லென்ஸ் என்றால் கேமராவின் மேல் மாட்டுகிற தனி வியூஃபைண்டரும் சேர்த்து வருதான்னு கேளுங்க. அதைத் தனியாக வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும். கடற்கரை ஊரில் இருக்கிறவங்க டிரை கேபினட் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கணும்.

கடைசியா, பில், சுங்க ரசீது, சீரியல் நம்பர் தெரியற போட்டோ, சர்வீஸ் பண்ண தேதி எல்லாத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்க. ஹோம் இன்சூரன்ஸ் இருந்தால் இந்த லென்ஸைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கீங்களான்னு பாருங்க, இல்லைன்னா க்ளெய்ம் நேரத்தில் தகராறு வரும். அந்த ஃபோல்டரை வீட்டில் இன்னொருத்தருக்கும் காட்டி வையுங்க. இல்லைன்னா உங்க 21 எம்எம் சூப்பர் ஆங்குலானைப் பழைய சாமான்காரர் எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவார்.